துறையை மறித்த காட்டெருமை

ஆற்றுத் துறையை முதலைகள் பிடித்து வைத்திருந்தன. தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். தெம்பி என்ற வரிக்குதிரை தன் தலைச்சன் குட்டியை அப்படித்தான் பறிகொடுத்தது.

ஒருநாள் மக்காண்டா என்ற காட்டெருமை கரையில் நின்று முழங்கியது.

"ஆறு என்ன இவர்கள் வீட்டுச் சொத்தா? வாருங்கள், சேர்ந்து விரட்டுவோம்!"

முதல் ஆளாகத் தெம்பி அதன் பக்கத்தில் போய் நின்றது. பிறகு மான்கள் வந்தன, யானைகள் வந்தன. மூன்று நாள் சண்டை. நான்காம் நாள் முதலைகள் அருவிக்குக் கீழே ஓடிப்போயின.

"மக்காண்டாதான் இனி நம் தலைவன்!" என்று காடே கூத்தாடியது.

முதல் கோடையில் எல்லோரும் குடித்த பிறகே மக்காண்டா குடித்தது. மறு கோடையில் முதலில் குடித்தது. அதற்கடுத்த கோடையில் துறையைச் சுற்றி முள்வேலி போட்டது. தட்டிக் கேட்ட ஒட்டகச்சிவிங்கியைக் காட்டை விட்டே துரத்தியது. 'நம் மக்காண்டாதானே' என்று தெம்பி பேசாமல் இருந்துவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டிகள் நா வறண்டு சுருண்டு விழுந்தன. தெம்பி துறைக்கு ஓடியது. வேலிக்குள் காவல் கிடந்தவை அதே முதலைகள்! அவற்றின் நடுவில் மக்காண்டா நின்றது.

"இவர்களையா கூட்டி வந்தாய்?"

"ஆட்சிக்குக் காவல் வேண்டாமா? நான் இல்லாவிட்டால் உங்களுக்கு ஏது விடுதலை? மரியாதையாகத் திரும்பிப் போ!"

தெம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என் பிள்ளையைத் தின்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதை பேசுகிறாயா? அன்று நீ மட்டுமா சண்டை போட்டாய்? இத்தனை நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு. இனி மூட மாட்டேன்!"

சொல்லிவிட்டு வேலியை எட்டி உதைத்தது. காலில் முள் கிழித்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் உதைத்தது. பார்த்துக்கொண்டிருந்த மான்கள் ஓடி வந்து முட்டின. யானைகள் வேலியைப் பிடுங்கி எறிந்தன.

"பிடியுங்கள் இவர்களை!" என்று மக்காண்டா கத்தியது. முதலைகள் கூட்டத்தைப் பார்த்தன. சத்தமில்லாமல் ஆற்றில் நழுவிப் போயே போய்விட்டன.

"இவனைக் குத்திப் போடுங்கள்!" என்றது ஒரு மான்.

"வேண்டாம். இவனுக்கும் தண்ணீர் உண்டு. வரிசையில் நிற்கட்டும்" என்றது தெம்பி.

மக்காண்டாவுக்கு வரிசையில் நிற்க மனம் வரவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வறண்ட புல்வெளியில் தனியாக நடந்து போனது.

"தெம்பி, இனி நீதான் தலைவி!" என்றது கூட்டம்.

"துறைக்குத் தலைமை எதற்கு? முறை வைத்துக் காவல் காப்போம். முதலில் குட்டிகள் குடிக்கட்டும், வழி விடுங்கள்!"

விடுதலை வாங்கித் தந்தவரே ஆனாலும், அதைப் பறிக்க வந்தால் அன்றைக்கே எதிர்த்து நிற்க வேண்டும்.