மேற்கு மூலை அலமாரி

குணவதி தத்துவப் பேராசிரியை. அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற தவசிமுத்து பள்ளிக்கூட வாத்தியார். குருவைவிடச் சிஷ்யனுக்கு நாலு வயது கூட. இருவரும் பிறந்தது சேரியில். அந்தப் பல்கலைக்கழகத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மறப்பதுமில்லை.

அன்று தவசிமுத்து முகம் செத்துப்போய் வந்தார்.

"கமிட்டியில என் தலைப்பைப் பார்த்துச் சிரிச்சாங்க மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"'காலம்னா என்னன்னு ஆராயறதுக்கு நிறையப் பேர் இருக்காங்க சார். நீங்க உங்க ஜனங்க பட்ட கஷ்டத்தை எழுதுங்க, உருக்கமா இருக்கும்'னாங்க. ஆறு வருஷமா ராத்திரி பகல் பார்க்காம படிச்சதெல்லாம் வீண்தானா? நாளைக்குள்ள முடிவா எழுதிக் கொடுக்கணும். தலைப்பை மாத்தட்டுமா, வேண்டாமா?"

"லைப்ரரிக்குப் போய் என் ரெண்டு புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார் குணவதி.

முதல் புத்தகம் காலத்தைப் பற்றியது. முப்பது வயதில் எழுதியது. இரண்டாவது, நிறத்தையும் சாதியையும் வைத்து மனிதரைத் தரம் பிரிக்கிறவர்கள் சொல்லும் நியாயங்களைப் பற்றியது. வெளிநாட்டில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். இங்கே, "இதெல்லாம் தத்துவமா? வயித்தெரிச்சல்" என்று சக பேராசிரியர்கள் சிரித்தார்கள். சிரிக்கமாட்டார்களா பின்னே!

தவசிமுத்து தத்துவ அலமாரிகளை மேலிருந்து கீழ்வரை தேடினார். இரண்டுமே இல்லை. நூலகர் எழுந்திருக்காமலே கை காட்டினார்.

"மேடம் புத்தகமா? மேற்கு மூலைக்குப் போங்க. ஆதிதிராவிடர் நல அறிக்கையெல்லாம் அடுக்கியிருக்கும் பாருங்க, அந்த அலமாரி."

"ரெண்டுமா? ஒண்ணு காலத்தைப் பத்தினதுங்க."

"அதெல்லாம் யாரு சார் பிரிச்சுப் பார்த்தா? மேடம் எழுதினதுதானே, அங்கதான் இருக்கும்."

அங்கேதான் இருந்தன, விடுதி அறிக்கைக்கும் உதவித்தொகை அறிக்கைக்கும் நடுவில். தவசிமுத்து கோபத்தோடு விறுவிறுவென்று திரும்பி வந்தார். இரண்டையும் கொண்டுவந்து குணவதியின் மேசைமேல் போட்டார்.

"அநியாயம் மேடம் இது! நானே துணைவேந்தருக்கு எழுதறேன்."

"நான் ஏழு தடவை எழுதிட்டேன். உடனே மாத்தி வைப்பாங்க. வருஷா வருஷம் ஸ்டாக் பார்க்கிறப்ப திரும்ப அங்கேயே போயிடும்."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வந்துச்சே. முதல் புத்தகத்தைக் கொண்டுபோய் அங்க வச்சாங்கன்னுதான் ரெண்டாவதை எழுதினேன். அதையும் அங்கேயே வச்சுட்டாங்க."

தவசிமுத்து உட்கார்ந்து முதல் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் மாத்தமாட்டேன் மேடம். காலத்தைப் பத்தித்தான் எழுதுவேன்."

"தாராளமா எழுதுங்க."

குணவதி இரண்டு புத்தகங்களையும் எடுத்து அவரிடமே நீட்டினார்.

"இதை எடுத்த இடத்துலயே வச்சிடுங்க. வைக்கிறப்ப, பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு வைங்க."