ஒற்றைக் காஜா மெஷின்

திருப்பூர்ப் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனி. தைக்க நாற்பது மெஷின். பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷின் மட்டும் ஒன்றே ஒன்று. அதை ஓட்டியவள் சம்பூர்ணம்.

புது மேனேஜர் திவாகர் கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு வந்து சேர்ந்தார். அவர் விரட்டிய விரட்டில் தையல் பறந்தது. தைத்ததெல்லாம் சம்பூர்ணத்தின் முன்னால் மலையாய்க் குவிந்தது. பேக்கிங்குக்குப் போனதோ பழையபடி நாளைக்கு ஐந்நூறு சட்டைதான்.

முதலாளியை எதிரில் வைத்துக்கொண்டே மேனேஜர் அவளிடம் கத்தினார்: "எல்லாம் உன்னாலதான்! நாளைக்கு எழுநூறு வரணும். புது ஆளும் தரமாட்டேன், புது மெஷினும் தரமாட்டேன். முடியலேன்னா வீட்டுக்குப் போ."

"ரெண்டும் வேண்டாமுங்க சார். டெய்லருங்க நாலு பேரைத் தைக்காம நிறுத்தி என்கிட்ட விடுங்க, போதும்."

மேனேஜர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "விடுங்க, பார்ப்போம்" என்றார்.

மறுநாள், வரிசையின் கடைசியில் கிடந்த செக்கிங் மேசை காஜாவுக்கு முன்னால் வந்தது. இத்தனை நாளும் கழிபடப்போகிற சட்டைக்கும் சேர்த்துத்தான் அவள் ஓட்டை போட்டிருந்தாள். இப்போது இரண்டு பேர் கோணல் தையலை முன்னாலேயே கழித்தார்கள். ஒருத்தி நல்லதை அடுக்கி நீட்டினாள். சம்பூர்ணம் டீக்கும் சோற்றுக்கும் எழுந்தால், நான்காமவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் எழுநூற்றுப் பன்னிரண்டு!

"தைக்கிற ஆளைக் குறைச்சுட்டு, சட்டையை எப்படிம்மா கூட்டினே?" என்றார் முதலாளி.

"மேனேஜர் சார் தையல் மெஷினுங்க ஓடுற நேரத்தை அளந்தாருங்க. நான் என் மெஷின் நிக்கிற நேரத்தை அளந்தேன்."

முதலாளி மேனேஜரிடம் கையை நீட்டினார். அந்த ஸ்டாப்வாட்ச் இப்போது காஜா மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.