மூன்று கருப்பு இறகு

“அந்த மூணு கருப்பு இறகும் என்னைத் தூங்கவே விடல, டீச்சர்,” என்றார் பொன்னுரங்கம்.

ரெஜினா வயதில் அவரைவிடச் சின்னவர். ஆனால் கானரிப் பறவை வளர்ப்பில் அவருக்குக் குரு. போட்டிகளில் நடுவராக உட்காருகிறவர்.

பொன்னுரங்கம் அவர் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தது லிசர்ட் என்ற வகைக் கானரி. முதுகெல்லாம் செதில் செதிலாக வரி, தலையில் மஞ்சள் தொப்பி. அந்தத் தொப்பியில் முளைத்ததுதான், பாழாய்ப்போன மூன்று கருப்பு இறகு.

செதில் வரி முதல் வருஷம்தான் பளிச்சென்று இருக்கும். அடுத்த தடவை இறகு உதிர்ந்து முளைத்தால் மங்கிப்போகும். இந்தப் பறவைக்கு இந்த வருஷத்தை விட்டால் வேறு இல்லை. போட்டியோ நாளைக்கு.

“பிடுங்கிட்டா என்ன, டீச்சர்?”

“இப்படிக் கருப்பு கலந்த உடைஞ்ச தொப்பி போட்டிக்கு வரலாம் அண்ணே. பிடுங்கின தலை வர முடியாது. நடுவர் மேசையிலேயே தள்ளிடுவாங்க.”

பொன்னுரங்கத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. திரும்பி வந்தது. எழுந்தார், உட்கார்ந்தார்.

“கூண்டை வெச்சிட்டு கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க. உங்களப் பாத்தா எனக்கே படபடங்குது.”

டீ நாக்கைச் சுட்டது. பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவந்தார்.

மேசையில் ஒரே மாதிரி போட்டிக் கூண்டுகள், வரிசையாக. எல்லாவற்றின் மேல்பாதியையும் துணி மறைத்திருந்தது. குச்சியில் உட்கார்ந்த பறவைகளின் தலை தெரியவில்லை, உடம்பு மட்டும்தான்.

“உங்களோடதும் இதுல இருக்கு. நாளைக்கு எது ஜெயிக்கும், சொல்லுங்க.”

“தலையைப் பாக்காம எப்படி?”

“பாருங்கண்ணே, சும்மா.”

வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். ஒன்றைக் கடந்தார், இன்னொன்றைக் கடந்தார். நடுக்கூண்டில் நின்றுவிட்டார்.

கழுத்திலிருந்து வால் வரை வரி பிசகவில்லை. ஒவ்வொரு செதிலும் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிசு. யாரோ கோலம் போட்டு இறக்கியதுபோல.

“அடி ஆத்தீ!” என்றார். “இதுதான் டீச்சர். இதுக்குத்தான் கோப்பை. சத்தியமா இது உங்களோடதுதான்.”

அவருக்கு வயிறு எரிந்தது. “நமக்கும் இப்படி ஒண்ணு வாய்க்கக் கூடாதா? எனக்குன்னு வந்து சேருது பாருங்க…”

ரெஜினா துணியைத் தூக்கினார்.

மஞ்சள் தொப்பி. அதில் இரண்டு கருப்பு இறகு. பக்கத்தில் மிளகளவு வெறும் தோல், சிவந்து கிடந்தது.

கூண்டுக்குள் பறவை இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்கும் தாவியது.

“மூணுன்னுதானே சொன்னீங்க அண்ணே?”

பொன்னுரங்கம் சட்டைப்பையில் கைவிட்டார். மூன்றாவது இறகை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“முளைக்க எவ்வளவு நாளாகும், டீச்சர்?”

“மாசத்துக்கு மேல ஆகும்.”