புயலைப் பிடித்த கூண்டு

கடலை ஒட்டிய ஒரு காட்டில், மான் ஒன்று குட்டி போட்டிருந்தது. குட்டி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எழுந்து நிற்கும். நாலடி வைப்பதற்குள் முன்கால் மடங்கி உட்கார்ந்துவிடும்.

அன்று காலையில் கடற்பறவைகள் கூட்டமாகக் காட்டுக்குள் வந்து கிளைகளில் உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. கடல் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

"புயல் வரப்போகிறது," என்றது காட்டுப்பன்றி. அது எப்போதும் சிடுசிடுவென்றுதான் பேசும். "ஓடையைத் தாண்டி மணல்மேட்டுக்குப் போய்விட வேண்டும். இப்போதே."

மான் குட்டியைப் பார்த்தது.

"என் பிள்ளையால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதே, பன்றி மாமா."

"நடக்காவிட்டால் தள்ளு."

அப்போது மரத்திலிருந்து குரங்கு குதித்தது. கொஞ்ச காலம் துறைமுகத்தில் இருந்துவிட்டு வந்த குரங்கு அது. காட்டில் எது நடந்தாலும், மனிதர்கள் அதை எப்படிச் செய்வார்கள் என்று சொல்லாமல் அதனால் இருக்க முடியாது.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம். புயலைப் பிடித்துவிடலாம்," என்றது.

"வாலைப் பிடித்தா?" என்று கேட்டது பன்றி.

"கேலி பேசாதே, மாமா. கூண்டு வைத்துத்தான். துறைமுகத்தில் உயரமாக ஒரு கம்பம் இருக்கிறது. புயல் வருகிறதென்றால் மனிதர்கள் அதில் ஒரு கறுப்புக் கூண்டை ஏற்றுவார்கள். புயல் வரும், மோதும், பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் கூண்டை இறக்குவார்கள். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

"இறக்கும்போது உள்ளே என்ன இருந்தது, அண்ணா?" என்று ஒரு முயல் கேட்டது.

"ஒன்றும் இல்லை."

"பிடித்த புயல் எங்கே போயிற்று?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "மேலேயே திறந்து கடல் பக்கம் விட்டிருப்பார்கள். ஊருக்குள்ளேயா இறக்குவார்கள், முட்டாளே?"

முயல்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின. அதுவும் சரிதான் என்று அவற்றுக்குப் பட்டது.

கரையில் பழைய நண்டுக்கூண்டு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. குரங்கு அதை இழுத்துவந்து புன்னைமரத்தின் உச்சியில் கொடியால் கட்டியது. முயல்கள் கீழே நின்று, "இன்னும் மேலே, இன்னும் மேலே," என்று கத்தின.

"நீ வருகிறாயா, இல்லையா?" என்று பன்றி மானிடம் கேட்டது.

மானுக்கு அந்தக் கூண்டைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதை நம்பினால் குட்டியை எழுப்ப வேண்டியதில்லை. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"மனிதர்கள் செய்கிறார்கள் என்றால் அதில் ஏதாவது இருக்கும், மாமா."

பன்றி எல்லோரையும் திட்டியது. பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது. தனியாகப் போக அதற்கும் பயம்தான்.

உச்சிப்பொழுதில் வடக்கிலிருந்து காற்று வந்தது. முதலில் இலைகள் போயின. அடுத்துக் கிளைகள். எல்லோரும் ஓர் அடர்ந்த முட்புதருக்குத் தெற்கே பதுங்கினார்கள். மான் குட்டியின்மேல் கவிழ்ந்து படுத்தது. மரங்கள் முறியும் சத்தம் ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டத்தில் கேட்டது. மேலே கூண்டு மரத்தில் மோதிக்கொண்டிருந்தது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்திருந்த குரங்கு, "மாட்டப்போகிறது! மாட்டப்போகிறது!" என்று அலறியது.

திடீரென்று காற்று நின்றது.

ஓர் இலைகூட அசையவில்லை. தலைக்கு நேர்மேலே வட்டமாக நீலவானம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் மேகம் சுவர்போல நின்றது. கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

புயலுக்கு நடுவில் இப்படி ஓர் அமைதியான இடம் உண்டு, குழந்தைகளே. அவர்கள் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தார்கள். காட்டில் யாருக்கும் அது தெரியாது.

"பிடித்தாயிற்று!" என்று குரங்கு கூவியது.

முயல்கள் புதரிலிருந்து வெளியே வந்து குதித்தன. பன்றிகூட எழுந்து உடம்பை உதறியது. "என்னவோ, நின்றுதான் போயிருக்கிறது," என்று முணுமுணுத்தது.

மான் எழுந்திருக்கவில்லை. அதன் காது கடல் பக்கமே இருந்தது. காற்று நின்றுவிட்டது. கடல் ஏன் நிற்கவில்லை?

குரங்குக்கு இப்போது பேச்சு நிற்கவே இல்லை. "இது என்ன பிரமாதம்! துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய அன்று எனக்கு எப்படிப்பட்ட விருந்து தெரியுமா? எந்த வீட்டிலும் ஆள் இல்லை. கல்லெறிய ஒருவன் இல்லை. சமையலறைக்குள் புகுந்து ஒரு வாழைத்தாரை முழுதாகத் தின்றேன்."

"ஆட்கள் எங்கே போனார்கள்?" என்று மான் கேட்டது.

"யாருக்குத் தெரியும்? கூண்டு ஏறியதும் கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, லாரியில் ஏறிக்கொண்டு. ஒரே கூச்சல். நான் பழத்தைப் பார்ப்பேனா, அவர்களைப் பார்ப்பேனா?"

மான் எழுந்து நின்றது.

"அண்ணா, புயல் கூண்டுக்குள் மாட்டிவிடும் என்றால் அவர்கள் ஏன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?"

குரங்கு மறுபடியும் தலையைச் சொறிந்தது.

"புயலைப் பிடிக்க அவர்களுக்கும் தெரியாது," என்றது மான். "ஊருக்குத் தெரியட்டும், ஊர் போகட்டும் என்றுதான் கூண்டை ஏற்றியிருக்கிறார்கள். எழுந்திரு, கண்ணே. எழுந்திரு."

"ஐயோ, நின்றுவிட்ட புயலுக்கா ஓடுகிறாய், அக்கா?" என்று ஒரு முயல் சிரித்தது.

"நின்றிருந்தால் நல்லதுதான். நீங்களும் வாருங்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்."

பன்றி மானுக்கு முன்னால் நடந்தது. சில முயல்கள் பின்னால் வந்தன. சில வரவில்லை.

"நீயும் வா, அண்ணா," என்று மான் திரும்பிக் கூப்பிட்டது.

குரங்கு கூண்டை நிமிர்ந்து பார்த்தது. "எல்லோரும் போய்விட்டால் கூண்டை யார் காவல் காப்பது? போங்கள், போங்கள். திரும்பி வரும்போது வெட்கப்படப்போகிறீர்கள்," என்றது.

குட்டி நடந்தது. விழுந்தது. மான் முகத்தால் முட்டி எழுப்பியது. மறுபடியும் விழுந்தது. காற்று துளிகூட இல்லை. தங்கள் மூச்சுச் சத்தமே அவர்களுக்குப் பெரிதாகக் கேட்டது. மேகச் சுவர் காட்டின் மறுபக்கத்திலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓடையில் தண்ணீர் வேகமாக ஓடியது. பன்றி நடுவில் இறங்கிக் குறுக்கே நின்றது.

"என்மேல் சாய்ந்து வரச் சொல். சீக்கிரம். நான் ஒன்றும் பாலம் இல்லை."

குட்டி பன்றியின் விலாவில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பாதியில் அதன் தலை ஒருமுறை முழுகியது. மான் கழுத்தை உள்ளே விட்டு அதை நிமிர்த்தியது. முயல்கள் பன்றியின் முதுகில் ஏறித் தாண்டின.

மணல்மேட்டில் பாதி ஏறியிருப்பார்கள். காற்று திரும்ப வந்தது. இந்த முறை தெற்கிலிருந்து.

புதரில் அவர்கள் பதுங்கியிருந்த தெற்குப் பக்கத்தைத்தான் இப்போது காற்று நேராக அடித்தது. மான் குட்டியைப் பள்ளமான ஓர் இடத்தில் தள்ளி, அதன்மேல் படுத்தது. கீழே கடல் காட்டுக்குள் நுழைவது தெரிந்தது. அது அலையாக வரவில்லை. தரையே உயர்வதுபோல் வந்தது.

"விடாதே! புயல் உள்ளேதான் இருக்கிறது! விடாதே!" என்று தூரத்தில் குரங்கின் குரல் கேட்டது.

கொஞ்ச நேரம் புன்னைமரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. குரலும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. மழைகூட இல்லை. காடு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. மேட்டில் இருந்த முயல்கள் கீழே யாராவது நடமாடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தன.

"நின்றுவிட்டதா, அக்கா?" என்று ஒரு முயல் மெல்லக் கேட்டது.

"தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இருப்போம்," என்றது மான்.

குட்டிக்குப் பசித்தது. அது பால் குடித்து முடிக்கும்வரை மான் அசையாமல் நின்றது. காதை மட்டும் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

நீதி: புயலை நிறுத்த யாராலும் முடியாது, அதன் வழியிலிருந்து நேரத்தோடு விலகிக்கொள்ள முடியும்.