செவலையின் பாதித் தாவல்

ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் செவலை என்றோர் ஆட்டுக்குட்டி இருந்தது. காகிதத்தில் பென்சிலால் வரைந்த குட்டி. தாள் தனியாகக் கிடக்கும்போது அதனால் பேச முடியும், அசைய முடியாது. அங்கே படம் வரையும் எஸ்தர் தாள்களை அடுக்கி விரலிடுக்கில் பிடித்துப் புரட்டினால்தான் அது ஓடும்.

ஸ்டுடியோவின் பெயர் தும்பி. சாலிகிராமத்தில் ஒரு மாடியில் இருந்தது. செவலை வந்த முதல் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாவது படம் பாதி வரைந்த நிலையில் இருந்தது. அதில் வெள்ளம் வருகிறது. செவலை ஒரு பாறையிலிருந்து எதிர்ப்பாறைக்குத் தாவ வேண்டும். மாதக் கடைசிக்குள் அந்தக் காட்சியைக் காட்டினால்தான் தொலைக்காட்சிக்காரர்கள் படத்தை எடுத்துக்கொள்வார்கள். எடுக்காவிட்டால் ஸ்டுடியோவை நடத்த முடியாது. இது செவலைக்கும் தெரியும்.

அங்கே வேலை நடக்கும் முறை இப்படி: குட்டி கிளம்பும் தாளை முதலில் வரைவார்கள், போய் இறங்கும் தாளை அடுத்து வரைவார்கள். பிறகு எஸ்தர் இரண்டையும் விளக்கு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே புதுத் தாளைப் போட்டு, கீழிருந்து வரும் வெளிச்சத்தில் நடுவில் உள்ளதை வரைவாள். அப்புறம் அதற்கும் முன்னதற்கும் நடுவில் இன்னொன்று. காட்சி முழுதும் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று செவலை கேட்டது.

"கொஞ்சம்தான்," என்றது பென்சில். அது கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. "நான் தீர்றதுக்குள்ள உன்னை அந்தப் பக்கம் இறக்கி விட்டுடுவேன்."

"நடுவுல விட்டுட மாட்டியே?"

"என் உடம்புல பாதி உன் கால்லதான் இருக்கு. எங்க போவேன்?"

ஒரு நாள் காலை, ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையைப் பெயிண்ட் அடிப்பதற்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். வாசலுக்கு மேலே இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியது. அந்த வழியாக வதந்தி வந்தது. வெளுத்த சட்டை போட்டு, தணிந்த குரலில் பேசும் ஆசாமி. சட்டத்தை அண்ணாந்து பார்த்தது.

"அடப் பாவமே," என்றது.

பக்கத்தில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்த பரணிதரன் திரும்பினான். அவன் சின்ன வயதில் செவலை படம் போட்ட டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். "என்னங்க ஆச்சு?"

"எனக்கு என்னப்பா தெரியும். போர்டைக் காணோமேன்னு பார்த்தேன்."

பரணிதரன் வெற்றுச் சட்டத்தைப் படம் எடுத்தான். 'எல்லாம் முடிந்தது' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினான். வதந்தி அவன் தோளைத் தட்டிக் கொடுத்தது.

மாலைக்குள் தெரு நிரம்பிவிட்டது. செவலை படம் போட்ட பனியனோடு வந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இரும்புச் சட்டத்தில் யாரோ மாலை போட்டார்கள்.

"டேய், மாலையெல்லாம் எதுக்குடா?" என்றான் பரணிதரனின் நண்பன் நவ்ஷாத்.

"வெறுங்கையோட வரச் சொல்றியா மச்சான்?"

ஸ்டுடியோவை நடத்தும் சடகோபன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏம்பா, நாங்க மூடலை. போர்டு பெயிண்டுக்குப் போயிருக்கு. வெள்ளிக்கிழமை வந்துடும்."

வதந்தி மெதுவாக, "எவ்வளவு பெரிய மனசு பாருங்க. நம்ம அழக் கூடாதுன்னு சொல்றார்," என்றது.

உடனே எல்லோரும் அழுதார்கள்.

சடகோபன் அதற்குமேல் மறுக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவரைப் பார்க்க அந்தப் படியில் ஏறி வந்தவர்கள் மின்வாரிய ஆட்களும் தண்ணீர் கேன் போடுகிறவரும்தான். தமக்காக இத்தனை பேர் அழுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. "வாங்க, மேல வந்து பாருங்க," என்றார்.

மேலே தாள்கள் வரிசையாகக் கிளிப் மாட்டித் தொங்கின. கண் சிவந்த ஒரு பெண் ஒரு தாளைத் தொட்டாள். "சார், கடைசி ஞாபகமா இது ஒண்ணு மட்டும்..."

"சார், அது நடுத் தாள் சார்," என்றாள் எஸ்தர்.

"ஒண்ணுதானேம்மா. நீ மறுபடியும் போட்டுட மாட்டியா? அழுதுட்டு வந்திருக்கு பொண்ணு."

ஒன்று போட்டுவிடலாம்தான். எஸ்தர் வழிவிட்டாள். அந்தப் பெண் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்தவன், "அவங்களுக்கு மட்டும்தானா சார்? நான் செங்கல்பட்டுல இருந்து வரேன்," என்றான். அதற்கடுத்தவன் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தான். இல்லை என்று சொல்லச் சடகோபனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. எஸ்தர் மீதித் தாள்களையாவது காப்பாற்றக் கழற்றத் தொடங்கினாள். அவள் ஒன்றைக் கழற்றுவதற்குள் ஐந்து போயின.

"என்னை எங்க கொண்டு போறாங்க?" என்று செவலை ஒவ்வொரு தாளிலிருந்தும் கேட்டது.

"உன்னைப் பத்திரமா வெச்சுக்குவோம் செல்லம்," என்றார்கள். பொய் சொல்லவில்லை. யாரும் தாளைக் கசக்கவில்லை, மடிக்கக்கூட இல்லை.

மறுநாள் எஸ்தர் விளக்கு மேசை முன்னால் உட்கார்ந்தாள். குட்டி கிளம்பும் தாளும் போயிருந்தது. இறங்கும் தாளும் போயிருந்தது.

"முன்னது ஒண்ணு குடு, பின்னது ஒண்ணு குடு," என்றது விளக்கு மேசை. "நடுவுல என்ன இருக்குன்னு நான் காட்டுறேன். ரெண்டும் இல்லாம நான் வெறும் வெளிச்சம்தான்."

"நான் இருக்கேன்," என்றது பென்சில்.

"நீ இருக்க. எதுக்கு நடுவுல வரையப் போற?"

முதலிலிருந்து வரைய மாதக் கடைசி போதாது, பென்சிலும் போதாது. சடகோபன் தம் கைப்பட ஒரு வேண்டுகோள் எழுதிப் போட்டார். 'ஸ்டுடியோவை மூடவில்லை. ஆனால் நீங்கள் எடுத்துப்போன தாள்கள் வராவிட்டால் மூட வேண்டியிருக்கும். தயவுசெய்து திருப்பித் தாருங்கள்.'

அந்த வேண்டுகோளுக்கு நல்ல வரவேற்பு. தாள் எடுத்தவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். அத்தனை பேரும் அதைத் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். 'உடனே கொடுங்கள் நண்பர்களே' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார்கள். ஒரு தாள் குறைந்தால் என்ன ஆகிவிடும், மற்றவர்கள் கொடுத்தால் போதாதா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தார்கள்.

எஸ்தர் தினமும் வாசலுக்கு வந்து பார்த்தாள். புதுப் பெயிண்ட் அடித்த பலகை திரும்பி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மாதம் முடிந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வேறு படத்தை எடுத்துக்கொண்டார்கள். சடகோபன் கதவைப் பூட்டினார். பூட்டைப் பார்க்க வதந்தி வரவில்லை. அதற்கு வேறு தெருவில் வேலை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நவ்ஷாத் தன் தாளை எடுத்துக்கொண்டு பரணிதரன் வீட்டுக்கு வந்தான். இருவரும் தங்கள் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். சோபாவின் மேல் அருகருகே சாய்த்து வைத்துப் பார்த்தார்கள்.

"கடைசியில நான் சொன்னதுதானேடா நடந்துச்சு," என்றான் பரணிதரன். அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு மச்சான்."

"எங்கடா ஒரே மாதிரி? நல்லாப் பாரு. என்னோடதுல முன்னங்கால் இப்பத்தான் தரையை விடுது. உன்னோடதுல விட்டுடுச்சு."

பரணிதரனின் தாளிலிருந்த செவலை பக்கத்துச் சட்டத்தைப் பார்த்தது. ஒரு விரற்கடை முன்னால் தானே நின்றுகொண்டிருந்தது. "கண்ணாடியைக் கழட்டி என்னை அது மேல வைங்க," என்றது. "அதுக்கடுத்தது யார் வீட்டுல இருக்குன்னு கேளுங்க."

"என்னோடதுதான் மச்சான் அழகு," என்றான் நவ்ஷாத்.

"போடா. முகம் என்னோடதுலதான் தெளிவு."

அதைப் பற்றி அவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.