தனகோடியின் வேகமான நெக்

மேடைக் கச்சேரி நடத்தும் தனகோடியின் இடது கையில் நான்கு தடித்த ராசிக்கல் மோதிரங்கள். கிதார் கடைக்கு வந்தவர், ஐந்து கம்பி பேஸ் கிதார்கள் ஆறையும், ‘நெக்’ எனப்படும் நீண்ட கழுத்தில் இடது கை விரல்களை ஓட்டி வாசித்துப் பார்த்துத் தள்ளிவிட்டார்.

“எல்லாம் விறகு! நெக்குல கை ஓடவே மாட்டேங்குது. வேகமான நெக்கா எடும்மா. இல்லாட்டி இது விறகுக்கடைன்னு மேடையிலயே சொல்லிடுவேன்.”

ஒரு கிதாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்த கடைப்பெண் எஸ்தர் எழுந்தாள். “ஒண்ணு இருக்கு சார். மெருகு கீறிடும், மோதிரத்தையெல்லாம் கழட்டிடுங்க. கண்ணை மூடிக்கிட்டு வாசிங்க. வேகம் கைக்குத்தானே தெரியணும்?”

மோதிரங்களைக் கழற்றி எஸ்தரிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி வாசித்தார். விரல்கள் பறந்தன. கடையே தாளம் போட்டது.

“அடடா! இதை ஏன் முதல்லயே காட்டலை?”

“முதல்ல காட்டினதே இதுதான் சார்.” எஸ்தர் மோதிரங்களை நீட்டினாள். “அப்ப ரோட்டுல நாலு வேகத்தடை இருந்துச்சு!”