ஆட்காட்டி சொன்ன இடம்

மலையடிவாரத்து ஏரியின் மேற்குக் கரையில், சரளைக்கல் பொட்டலில், அஞ்சலை என்ற ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்து வந்தாள். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், அதைச் சுற்றி நாலைந்து கூழாங்கல், அவ்வளவுதான். முட்டைகளும் கல்லின் நிறத்தில்தான் இருந்தன. பக்கத்தில் வந்து நின்றாலும் கண்ணில் படாது. வெயில் ஏறினால் அவள் கணவன் கூத்தன் ஏரியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிப்பான். இன்னும் பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்.

அந்த ஏரியைக் கவனித்துக்கொள்ள ஒருவன் இருந்தான். செங்கண்ணன் என்ற கீரி. அவனை யாரும் நியமிக்கவில்லை. இரண்டு கோடைக்கு முன் ஏரி அடியோடு வற்றியபோது பல உயிர்கள் மடிந்தன. அதைப் பார்த்தபின் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. மாதம் ஒருமுறை, பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், விலங்குகளையெல்லாம் மருத மரத்தடியில் கூட்டினான். குடிக்கும் துறையில் புரளக்கூடாது, பழத்தோலைத் தண்ணீரில் வீசக்கூடாது, கரையைத் தோண்டிக் கிழங்கு தேடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தான். பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்வார்கள். அதற்கு ஏரிக்காவல் நாள் என்று பெயர். அன்று பொழுது சாயும்வரை யாரும் யாரையும் வேட்டையாடக்கூடாது என்று ஒரு விதியும் இருந்தது.

அஞ்சலை ஒருமுறைகூட அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. போன ஆண்டு அவள் இட்ட முட்டைகள் அத்தனையையும் ஒரு கீரி தின்றுவிட்டது. அவள் திரும்பி வந்தபோது புழுதியில் கால்தடம் மட்டும் கிடந்தது. தின்றது செங்கண்ணனா, அவன் இனத்தில் வேறு யாராவதா, அவளுக்குத் தெரியாது.

இந்த மாதக் கூட்டம் வழக்கம்போல் இல்லை. ஏரிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் காட்டாமணக்குப் புதர் மண்டி, வழி அடைத்துக் கிடந்தது. முயலும் பன்றியும் பிடுங்கித் தீர்கிற புதர் அல்ல அது. செங்கண்ணன் மூன்று வாரம் அலைந்து காட்டெருமைக் கூட்டத்திடம் பேசினான். முப்பது உருப்படிகள் கொண்ட கூட்டம். ஒருவழியாக வருவதாகச் சம்மதித்தார்கள்.

அன்று காலை ஓர் அணில் பொட்டல் வழியே ஓடியது. அஞ்சலை அதை நிறுத்தி விசாரித்தாள். மருத மரத்தடியில் காட்டெருமைகளுக்கு இடம் போதாதாம். வாய்க்காலை ஒட்டிய பொட்டலிலேயே கூடச் சொல்லிவிட்டானாம் செங்கண்ணன். அதைச் சொல்லத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அணில் போய்விட்டது.

முட்டைகளை எடுத்துக்கொண்டு போக முடியாது. கூட்டமோ கிளம்பியாகிவிட்டது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் மழை இறங்கிவிடும்போல் இருந்தது.

சிறிது நேரத்தில் செங்கண்ணனே பொட்டலுக்கு வந்தான். இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவன், நேராக முட்டைகள் இருக்கும் பக்கமாக நடந்தான். கூத்தன் உடனே தன் வித்தையைக் காட்டினான். இறக்கை ஒடிந்தவன்போல் தரையில் இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, ஓடினான். நரியாக இருந்தால் பின்னாலேயே போயிருக்கும். கீரி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தான். ஆட்காட்டி எங்கே நின்று கத்துகிறதோ அங்கே முட்டை இருக்காது என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றான். ஆகவே இந்த இடம் காலிதான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

அஞ்சலை அவன் முன்னால் இறங்கினாள். கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றும்படி கேட்டாள்.

“எதற்கு?” என்றான் செங்கண்ணன்.

அவள் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்றைக்கு மழை வரப்போகிறது. அதற்குள் வாய்க்கால் திறக்காவிட்டால் தண்ணீரெல்லாம் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அடுத்த கோடையில் நீயும்தான் தாகத்தால் தவிப்பாய். காரணம் இருந்தால் சொல். முப்பது பேரிடம் நான் என்ன சொல்லி நிறுத்துவது?”

அவன் கேட்டது நியாயம்தான். அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் அவன் மூக்கையும் பற்களையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கண்ணன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று வாய்க்கால் பக்கம் போனான்.

கூத்தன் அவளைத் தனியே அழைத்து எச்சரித்தான். கீரியிடம் முட்டை இருக்கும் இடத்தைச் சொல்வது, நாமே எடுத்துக் கொடுப்பதற்குச் சமம் என்றான். இன்றைக்கு விதி இருக்கிறது, சரி. நாளைக்கு? அதற்கு மறுநாள்? பத்து நாளும் யார் காவல் நிற்பது?

அதற்குள் மேட்டின் மேல் புழுதி எழுந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பள்ளத்தைச் சுற்றியிருந்த கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. காட்டெருமைகள் சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டன. வெகுதூரம் நடந்து வந்த கூட்டம். தண்ணீர் வாசனை பட்டதும் நடை வேகமாகிவிட்டது.

கூத்தன் பறந்து போய் அவர்கள் தலைக்கு மேல் கத்தினான். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒடிந்த இறக்கையைக் காட்டினான். புல் தின்கிறவர்களுக்கு ஒடிந்த இறக்கை எதற்கு?

அஞ்சலை முட்டைகளைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். பிறகு நேராகக் கீரியிடம் பறந்து போனாள்.

“என் முட்டைகள் அந்தப் பொட்டலில்தான் இருக்கின்றன. ஒற்றைக் கள்ளிச்செடிக்கு இந்தப் பக்கம், ஐந்தடி தள்ளி. நான்கு முட்டைகள்.”

செங்கண்ணன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை கள்ளிச்செடிக்குப் போனது, அங்கிருந்து ஐந்தடி நகர்ந்தது, பள்ளத்தில் நின்றது. கண்டுகொண்டான். அவன் மூக்கு ஒருமுறை துடித்தது. முந்தின நாளிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக இருந்தவனுக்கு நேரம் இல்லை. அஞ்சலைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

“காலையில் இரண்டு முறை அந்தப் பக்கம் நடந்தேன். குனிந்து பார்க்கவில்லை” என்றான் அவன், மெதுவாக.

சொல்லிவிட்டு ஓடினான். முட்டைகளைத் தாண்டி, சரிவை நோக்கி, கூட்டத்துக்கு நேர் எதிரே ஓடினான். அஞ்சலை பறந்து வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்து இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டாள். கூத்தனும் பக்கத்தில் இறங்கினான்.

கூட்டத்தின் முன்னால் வந்தவள் வெள்ளைக்காலி என்ற மூத்த காட்டெருமை. அவள் குளம்பு ஒன்று விழுந்தால் கீரி தரையோடு தரையாகிவிடுவான். செங்கண்ணன் உடம்பு மயிரெல்லாம் சிலிர்க்க, பாதையின் நடுவில் நின்று, நிற்கச் சொல்லிக் கத்தினான். வெள்ளைக்காலி முன்காலை ஊன்றிச் சறுக்கிக்கொண்டே நின்றாள். பின்னால் வந்த கன்றுகள் அவள்மேல் மோதின. சரிவிலிருந்து கற்கள் உருண்டு பொட்டலில் தெறித்தன.

வெள்ளைக்காலிக்குக் கோபம் வந்தது. வாருங்கள் வாருங்கள் என்று மூன்று வாரம் கெஞ்சிவிட்டு, வந்தவர்களை வழியில் மறிப்பதா என்று கேட்டாள். தன் கூட்டத்துக்குத் தாகம் என்றாள். அப்படியே திரும்பிப் போய்விடுவேன் என்றாள்.

“தப்பு என்னுடையது, அக்கா” என்றான் செங்கண்ணன். முயல்களும் பன்றிகளும் குரங்குகளும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். “பார்த்து நட என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லித் தருகிறேன். இடத்தைப் பார்க்காமல் நானே கூட்டத்தை இங்கே கூப்பிட்டுவிட்டேன். அந்தக் கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் முட்டைகள் இருக்கின்றன. வடக்கே முள்வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். உங்களுக்குக் கஷ்டந்தான். போனால்தான் வாய்க்கால் திறக்கும்.”

வெள்ளைக்காலி தலையைத் தாழ்த்தி, விரித்த இறக்கையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு வடக்கே திரும்பினாள். முப்பது பேரும் அவள் பின்னால் முள்ளுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் விலாவில் முள் கிழிக்கும் சத்தம் பொட்டல்வரை கேட்டது.

அஞ்சலை எழுந்து பார்த்தாள். உருண்டு வந்த கல் ஒன்று பட்டு, ஓரத்து முட்டை உடைந்துபோயிருந்தது. அவள் அழவில்லை. ஓட்டை எடுத்துத் தூரத்தில் போட்டுவிட்டு, மிச்சம் மூன்றின்மேல் மறுபடி உட்கார்ந்தாள்.

வாய்க்கால் வேலை வடக்குப் பக்கத்திலிருந்து நடந்தது. பொட்டலை ஒட்டிய புதரை யாரும் தொடவில்லை. அதனால் வாய்க்கால் பாதி அகலம்தான் திறந்தது. அதையாவது ஆழமாக்குவோம் என்று பன்றிகள் மூக்கால் மண்ணைத் தோண்டித் தள்ளின. கடைசிப் புதரை வெள்ளைக்காலி கொம்பில் மாட்டி இழுத்தபோது முதல் தூறல் விழுந்தது. செம்மண் கலந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது.

விதி அன்று பொழுதோடு முடிந்தது. அஞ்சலைக்கு மறுநாள்தான் பயம் அதிகமானது. கூத்தன் ஒரு பக்கம் பார்த்தால் அவள் மறுபக்கம் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் செங்கண்ணன் வாய்க்காலைப் பார்க்க வந்தான். அவன் வரும் வழி பொட்டலின் ஊடாகத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பொட்டலின் ஓரத்துக்கு வந்தவன் நின்றான். கள்ளிச்செடிப் பக்கம் திரும்பாமல், ஏரியைச் சுற்றி மறுகரை வழியாக நடந்து போனான். ஒவ்வொரு நாளும் அப்படியே போனான்.

பதினோராம் நாள் மூன்று குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. ஈரம் காய்ந்ததும் அவற்றைத் தண்ணீர்க் கரைக்கு நடத்திக்கொண்டு போனாள் அஞ்சலை. போகும் வழியில் செங்கண்ணன் மறுகரையில் நிற்பதைப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு எந்த இடம் என்று குரல் கொடுத்துக் கேட்டாள். இன்னும் முடிவு செய்யவில்லை, முந்தின நாளே தன்னோடு வந்து தரையைப் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று அவன் கேட்டான். வருகிறேன் என்றாள்.

ஊர் நன்மைக்காக ஆள் திரட்டுகிறவர் அதனால் யாருக்குக் கேடு வரும் என்று முதலில் விசாரித்து அறியவேண்டும். கேடு வரக்கூடியவரும் அச்சத்தை விட்டு அதை வாய் திறந்து சொல்லவேண்டும்.